அப்பாவுக்குப் பூநாரை பார்க்க வேண்டுமாம்: தீபாவளி லீவில் கோடியக்கரையா, தனுஷ்கோடியா?

ஆனையூர்க்காரன் | செப்டம்பர் 27, இரவு 9.40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பறவைகளில் எனக்குத் தெரிந்தது காக்கா, மைனா, கொக்கு, அப்புறம் மொட்டை மாடிக் கம்பியில் வந்து உட்காரும் கரிச்சான். அவ்வளவுதான்.

விஷயம் இது. அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் கொஞ்ச காலம் அவரை வேதாரண்யம் பக்கம் போட்டிருந்தார்கள், கோடியக்கரை வரை டவுன் பஸ் ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் விடிகாலை முதல் டிரிப்பில் உப்பளத்தைத் தாண்டும்போது தண்ணீருக்கு நடுவே ரோஸ் கலரில் ஒரு வரப்பு நீளமாகக் கிடந்ததாம், யாரோ சேலையை உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்து ஹாரன் அடித்தாராம், அந்த வரப்பு அப்படியே எழும்பிப் பறந்துவிட்டதாம். இந்தக் கதையை நான் நாற்பது வருடமாகக் கேட்கிறேன். இப்போது என் மகளும் (9 வயது) கேட்க ஆரம்பித்துவிட்டாள். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள், கூட்டிப்போ என்று.

தீபாவளிக்கு சனி முதல் செவ்வாய் வரை லீவு கிடைக்கிறது, அக்டோபர் 18 முதல் 21. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி, ரொம்ப நடக்க முடியாது. மதுரையிலிருந்து கோடியக்கரை 250 கிலோமீட்டருக்குக் குறையாது போலிருக்கிறது. ஆபீஸில் ஒருவர் "அவ்வளவு தூரம் எதுக்கு, தனுஷ்கோடியிலேயே பூநாரை நிற்குது" என்கிறார். யூடியூபில் ஒருத்தர் அக்டோபரிலேயே லட்சக்கணக்கில் வந்துவிடும் என்று பின்னணி இசையோடு சொல்கிறார். எதை நம்புவது? பைனாகுலர் வாங்கணுமா? அந்த நாலு நாளில் போனால் பூநாரை தெரியுமா தெரியாதா, அதை மட்டும் யாராவது நேரடியாகச் சொல்லுங்கள்.

---

பவளக்கால் | செப்டம்பர் 27, இரவு 11.05

நேரடியாகவே சொல்கிறேன்: தீபாவளிக்குப் போனால் உங்கள் அப்பா சொல்லும் அந்த ரோஸ் வரப்பு தெரிய வாய்ப்பு குறைவு. ஏமாந்து வந்து யூடியூப்காரரைத் திட்டுவீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வலசைப் பறவை என்றால் எல்லாம் ஒரே ரயிலில் வந்து ஒரே ஸ்டேஷனில் இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. முதலில் வருவது உள்ளான், உப்புக்கொத்தி வகைகள், அதாவது சேற்றிலும் கரையோரத்திலும் ஓடி இரை தேடும் பறவைகள். இவற்றில் பல ரஷ்யாவின் வடகோடியில், துருவத்தை ஒட்டிய கோடையில் ஜூன், ஜூலையில் குஞ்சு பொரிப்பவை. அங்கே கோடை என்பது இரண்டு மாதச் சமாச்சாரம், அதனால் பெரியவை ஜூலையிலேயே கிளம்பிவிடும், நம் கடற்கரையில் ஆகஸ்டில் முதல் கூட்டம் இறங்கிவிடும். குஞ்சுகள் பின்னால் தனியாக வரும். பல உள்ளான் இனங்களில் அப்பனும் ஆத்தாளும் முன்னாலேயே போய்விடுவதால், பிறந்து சில வாரமே ஆன பொடிசுகள் யாரும் வழி காட்டாமல் இவ்வளவு தூரம் வந்து சேர்கின்றன. எனக்கு இதை எத்தனை தடவை நினைத்தாலும் அடங்காது. கொசு உள்ளான் முப்பது கிராம்கூடத் தேறாது, பத்து ரூபாய் நாணயம் நாலைக் கையில் வைத்துப் பாருங்கள், அதைவிடக் குறைவு.

வாத்துகள் (ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம்) அதற்கு அப்புறம். பூநாரை இன்னும் வேறு கணக்கு. அது சைபீரியாக்காரன் இல்லை. இந்தியாவில் அது பெரிய அளவில் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் உவர் நிலத்தில். அதற்கு வேண்டியது கால் அளவு உப்புத் தண்ணீர், அதில் தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டித் தின்னும். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் வேதாரண்யம் சதுப்பு முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும், உப்பும் கரைந்துவிடும். மழை ஓய்ந்து தண்ணீர் இறங்க இறங்கத்தான், அதாவது மார்கழி, தை, மாசியில், பெரிய கூட்டமாகப் பரவி நிற்கும்.

இப்போது நீங்கள் ஒன்று செய்யுங்கள். அப்பாவிடம் அவர் பார்த்தது எந்த மாதம் என்று கேளுங்கள். வருடம் வேண்டாம், மாதம்.

பைனாகுலர் வாங்கலாம். 8-க்கு 42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 20 மடங்கு, 30 மடங்கு என்று ரோட்டோரத்தில் விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

---

மேலூர்_மாப்பிள்ளை | செப்டம்பர் 28, காலை 7.12

எதுக்கு சார் இவ்வளவு அலைச்சல்? நம்ம கொள்ளுகுடிப்பட்டி வேட்டங்குடி சரணாலயம் இருக்கே, மேலூர் தாண்டி திருப்பத்தூர் ரோட்டில். வருஷா வருஷம் ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்திலிருந்து பறவைங்க வந்து முட்டையிட்டு குஞ்சு பொரிச்சு, குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போகுது. பேப்பரிலேயே போட்டிருந்தான். அந்த ஊர்க்காரங்க அதுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டாங்க. பாப்பாவைக் கூட்டிப் போங்க.

---

கண்மாய்க்கரை | செப்டம்பர் 28, காலை 10.30

மாப்பிள்ளை, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வெடி வெடிப்பதில்லை என்பது முழுக்க உண்மை, தலைமுறையாக அப்படித்தான், அதற்கு அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்த ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை பிறந்தால் ஏதாவது ஒரு பேப்பரில் இது வந்துவிடுகிறது, நானும் ஒவ்வொரு வருஷமும் யாரிடமாவது இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வருகிற பறவை இங்கே கூடு கட்டாது. அதற்குச் சொந்த வீடு அங்கே, இங்கே லாட்ஜ். முட்டை, குஞ்சு எல்லாம் அங்கேதான். இங்கே வந்து தின்று கொழுத்து பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகும். வேட்டங்குடியில் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுவது நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம், சாம்பல் நாரை மாதிரி நம் ஊர்ப் பறவைகள். மழை எங்கே பெய்கிறது, கண்மாய் எங்கே நிறைகிறது என்று பார்த்து ஊருக்கு ஊர் இடம் மாறும், அவ்வளவுதான். ஒரு ஊரில் திடீரென்று ஆயிரக்கணக்கில் இறங்கியதும் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருக்கும்.

ஆகக் கூட்டில் உட்கார்ந்திருந்தால் உள்ளூர், சேற்றில் ஓடிக்கொண்டிருந்தால் வெளியூராக இருக்கலாம். (இதிலும் விதிவிலக்கு உண்டு, நெடுங்கால் உள்ளான் சேற்றிலும் ஓடும், இங்கேயே குஞ்சும் பொரிக்கும். அதனால்தான் "இருக்கலாம்" என்றேன்.)

ஆனையூர் சார், தீபாவளி லீவை வீணாக்க வேண்டாம். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு சாமநத்தம் கண்மாய்க்குப் போங்கள். மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது பாதி மதுரைக்குத் தெரியாது. சரணாலயமாக அறிவிக்கச் சொல்லிப் பறவை பார்ப்பவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபரில் மஞ்சள் வாலாட்டி, பொறி உள்ளான் எல்லாம் வந்திருக்கும். உங்கள் மொட்டை மாடிக் கம்பியையும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கரிச்சானைவிடச் சின்னதாக, தொண்டையில் செம்பழுப்பு, வால் இரண்டாகப் பிளந்து, நாலைந்து வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். இமயமலைக்கு அந்தப் பக்கத்துக் குருவி உங்கள் வீட்டுத் துணிக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது என்று மகளிடம் சொல்லலாம்.

---

பாம்பன்காற்று | செப்டம்பர் 28, மதியம் 2.20

ராமநாதபுரம் மாவட்டக்காரன் என்ற முறையில் தனுஷ்கோடிக்காகப் பேச வேண்டியது என் கடமை. பவளக்கால் அண்ணனுக்குக் கோடியக்கரை என்றால் மாமியார் வீடு மாதிரி, அவர் அப்படித்தான் சொல்வார்.

ராமேஸ்வரம் மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர், ரோடு நேர் ரோடு. 71 வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், இது முக்கியம். அரிச்சல்முனை வரை கார் போகும், காரை விட்டு இறங்கினால் பறவை. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள தண்ணீரில்தான் பூநாரை நிற்கும், ரோட்டிலிருந்தே தெரியும். அந்தப் பகுதியைத்தான் 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள், 500 ஹெக்டேருக்கு மேல். ஆனால் அண்ணன் சொன்னதும் நிஜம், அங்கேயும் பூநாரைக்கு டிசம்பர் கடைசி, ஜனவரிக்கு மேல்தான் வரணும்.

அக்டோபர், நவம்பரில் என்ன இருக்கும் என்றால் கடற்காகங்களும் ஆலாக்களும். சாதாரண ஆட்கள் இதை மதிப்பதே இல்லை, "எல்லாம் வெள்ளையா இருக்கு" என்று போய்விடுகிறார்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் முனைக்குப் போய்ப் பாருங்கள், ஆயிரம் பறவையும் ஒரே திசையைப் பார்த்து மூக்கை நீட்டி உட்கார்ந்திருக்கும், இறகு கலையக்கூடாதாம். நம் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். கச்சான் (தென்மேற்கு) காற்றில் ஆண் கடல் ஆடும், வாடைக் (வடகிழக்கு) காற்று தொடங்கினால் பெண் கடல் ஆட ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கக் கரையில் போய் பறவையைத் தேடுங்கள், இது என் சொந்த அனுபவம். அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, அலை திரும்பினால் அதற்கு முன்னால் ஓடி வரும் சாண்டர்லிங் என்று ஒரு சின்ன உள்ளான் உண்டு, பாப்பாவுக்கு அது ஒன்றே போதும், ரெண்டு மணி நேரம் ஓட்டிவிடலாம்.

ரெண்டு எச்சரிக்கை. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் அங்கிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் காலையில் போங்கள். ரோட்டை விட்டு மணலில் காரை இறக்காதீர்கள். நான் இறக்கினேன். நாலு மீனவர்கள் வந்து பனை மட்டையை டயருக்கடியில் போட்டுத் தூக்கிவிட்டார்கள், அதில் ஒரு பெரியவர் "பறவை பாக்க வந்தீங்களா, நாங்க உங்களப் பாத்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிற வழியில் ராமநாதபுரத்தை ஒட்டி சக்கரக்கோட்டை கண்மாய் இருக்கிறது. அதுவும் தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயமும் 2025-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. ரோட்டோரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம். கடல் பசு பார்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் ஆவுளியா என்போம், அதற்கென்று பாக் விரிகுடாவில் 2022-இல் தனிக் காப்பகமே அறிவித்திருக்கிறார்கள், ஆனால் கரையில் நின்று பார்க்கிற சங்கதி இல்லை. கடலுக்குப் போகிறவர்களே எப்போதாவதுதான் பார்ப்பார்கள்.

---

திருநகர்_அக்கா | செப்டம்பர் 29, மாலை 6.45

நீங்கள் எல்லாம் கடற்கரையைத் தேடிப் போகிறீர்கள், எனக்கு வலசை வீட்டுக்கே வந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கேள்விக்குப் பதில் இல்லை என்றால் மன்னிக்கவும்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலை பின்பக்க ஜன்னல் கண்ணாடியில் சொத்தென்று ஏதோ மோதியது. பூனை என்று நினைத்து விளக்குமாற்றோடு போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு குருவி. முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்று நீலம், வயிற்றுக்கடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக மை தீட்டியது மாதிரி கறுப்புப் பட்டை, வாலைக் காணோம், வெட்டிவிட்ட மாதிரி. கண்ணை மூடி மூடித் திறந்தது. யாரோ வளர்க்கிற வெளிநாட்டுக் குருவி தப்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தெரிந்த தம்பி ஒருவருக்குப் படம் அனுப்பினேன். ஆறுமணிக் குருவி, அக்கா என்றார். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துவதால் அந்தப் பெயராம். வட இந்தியாவில் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கேயும் இலங்கைக்கும் வருகிற பறவை, ராத்திரியில்தான் பறக்குமாம், களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் முட்டிக்கொள்ளுமாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு வைக்காதீர்கள், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து இருட்டாக ஒரு மூலையில் வையுங்கள், பிள்ளைகளைத் திறந்து திறந்து பார்க்க விடாதீர்கள் என்றார். மிக்ஸி வந்த பெட்டியில் வைத்தேன். மூன்று மணி நேரம் சத்தமே இல்லை. செத்துவிட்டது என்றே முடிவு பண்ணிவிட்டேன். பதினோரு மணிக்கு உள்ளே டக்டக்கென்று தாவுகிற சத்தம். கொல்லையில் மாமரத்தடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்தேன், இறங்கி சருகுக்குள் நாலு தாவு தாவியது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போயே போய்விட்டது.

அதை வீட்டிலேயே வளர்க்கலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அது சட்டப்படி குற்றம், யாரும் செய்யாதீர்கள். இந்த ஐப்பசிக்கு அந்த ஜன்னலுக்குப் பழைய கொசுவலையைக் கட்டியிருக்கிறேன்.

---

ஆனையூர்க்காரன் | செப்டம்பர் 30, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. அக்கா எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் எல்லாவற்றிலும் பேப்பர் ஒட்டிவிட்டாள், வீடே இருட்டு.

அப்பாவிடம் மாதத்தைக் கேட்டேன். அவர் மாதம் சொல்லவில்லை. "சபரிமலை ஸ்பெஷல் முடிஞ்சு, பொங்கல் ஸ்பெஷலும் முடிஞ்சு, டூட்டி பழையபடி டவுன் பஸ்ஸுக்கு மாத்தின வாரம்" என்றார். ஆகத் தை மாதம். பவளக்கால் சார், நீங்கள் கேட்டபோது எதற்கு இது என்று நினைத்தேன்.

ஆனால் தை வரை பொறுங்கள் என்றால் மகள் அழுகிறாள். அப்பா வெளியே காட்டவில்லை, ஆனால் பேன்ட்டை எல்லாம் அயர்ன் பண்ணி வைத்துவிட்டார். நவம்பர் 8, 9 சனி ஞாயிறு கிடைக்கிறது. பூநாரை இல்லை என்று தெரிந்தே போனால், கோடியக்கரையில் அந்த நேரத்தில் பார்க்க என்ன இருக்கும்?

---

பவளக்கால் | அக்டோபர் 1, காலை 6.10

பேன்ட் அயர்ன் பண்ணியாகிவிட்டது என்றால் போய்த்தான் ஆகணும்.

பூநாரையை மறந்துவிட்டுப் போனால் நவம்பர் நல்ல மாதம். முதலில் வெளிமான். கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் வந்ததே அதற்கும் பறவைக்கும் சேர்த்துத்தான், அந்த இடத்தின் அருமையை முன்னமே சொன்னவர் சாலிம் அலி. மழை விழுந்து புல் முளைத்திருக்கும், மான் வெளியே நிற்கும். ஆண் கறுப்பு, கொம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். பெண்ணுக்குக் காவி நிறம், கொம்பு கிடையாது. கூடவே மட்டக்குதிரைகள் மேயும், அவை காட்டுக் குதிரை இல்லை, எப்போதோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள். பார்க்க அழகுதான், ஆனால் மானுக்கான புல்லை அவையும் தின்கின்றன, சீமைக்கருவேலம் வேறு பரவுகிறது. நரியும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டை அடித்துப் போட்டபோது அடுத்த சில மாதம் கழித்துப் போனேன், மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மொட்டையாக நின்றன, மானும் குதிரையும் நிறையச் செத்திருந்தன. மெல்லத்தான் எழுந்தது.

சேற்றுப் பக்கம் போனால் உள்ளான் வகைகள். ஒரு விஷயம் கவனியுங்கள்: தண்ணீர் எவ்வளவு ஆழமோ அதற்கேற்ற கால் உள்ள பறவைதான் அங்கே நிற்கும். ராத்திரி நல்ல மழை பெய்திருந்தால் குட்டைக்கால் பார்ட்டி எல்லாம் வேறு இடம் பார்த்துப் போயிருக்கும். அதனால் நேற்று ஒருவர் பார்த்த இடத்தில் இன்று நீங்கள் போய் ஒன்றுமில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.

கோடியக்கரைக்கு அந்த சீசனில் மனிதர்களும் வலசை வருவார்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மற்ற ஊர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். காலையில் கரைக்குப் போனால் மீனும் கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

தங்க வேதாரண்யத்தில் லாட்ஜ் உண்டு. வனத்துறை விடுதி வேண்டுமென்றால் நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னமே பேசுங்கள். உப்பளப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். குடை, மாற்றுத் துணி, கொசு மருந்து. பறவை காலில் வளையமோ கலர்க் கொடி மாதிரி ஒன்றோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல பத்தாண்டுகளாக வளையம் போடுகிறது.

---

ஆனையூர்க்காரன் | நவம்பர் 10, இரவு 9.05

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, காரைக்குடியில் டீ, பட்டுக்கோட்டையில் இட்லி, கோடியக்கரை சேரும்போது பத்தரை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, ஒரு காக்காகூட இல்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். வேதாரண்யம் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மூன்றரைக்கு மறுபடி போனோம். டிக்கெட் எடுத்து, வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் மெதுவாகப் போனோம். வழிகாட்டி இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா முன் சீட்டிலிருந்து "வலது பக்கம், அந்தப் பனைக்கு நேரா, நிறுத்து" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலரில் பார்த்தால் ஆண் வெளிமான், புல்லுக்குள் படுத்திருக்கிறது, கொம்பு மட்டும் வெளியே. முப்பது வருஷம் ரோட்டில் மாடு குறுக்கே வருமா என்று பார்த்த கண் என்றார். அதற்கப்புறம் வழிகாட்டியே அப்பாவிடம்தான் கேட்டுக்கொண்டு வந்தார். பத்தொன்பது மான் எண்ணினோம், மகள் இருபத்தொன்று என்கிறாள். குதிரைகள் தனி.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சதுப்போரம். தூறல். அப்பா காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார், நாங்கள் மூன்று பேரும் ஒரே குடைக்குள். முதலில் வெறும் சேறு என்று நினைத்தேன். பிறகு அந்தச் சேறே நகர்ந்தது. மிளகைக் கொட்டின மாதிரி பொடிப் பொடியாக, இதுதான் கொசு உள்ளானா? தையல் மிஷின் ஊசி போல மூக்கால் குத்திக்கொண்டே ஓடுகின்றன, ஒரு நொடி நிற்பதில்லை. ஏதோ பருந்து மாதிரி ஒன்று மேலே போனதும் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி, ஒரு பக்கம் திரும்பும்போது வெள்ளை, மறுபக்கம் திரும்பும்போது காணாமலே போய், மறுபடி வெள்ளை.

இரண்டு கேள்வி.

ஒன்று: கோழி அளவு, பழுப்பு நிறம், கீழ்நோக்கி வளைந்த நீளமான மூக்கு. எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு நண்டைப் பிடித்தது. காலைக் கவ்வி உதறியது, கால் கழன்று விழுந்தது, மறு காலைக் கவ்வி உதறியது, இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் விழுங்கிவிட்டு, அப்புறம் நிதானமாக விழுந்த கால்களையும் பொறுக்கித் தின்றது. போனில் எடுத்த படத்தில் ஒரு பழுப்புப் புள்ளிதான் தெரிகிறது. இது என்ன?

இரண்டு: தூரத்தில் பதினோரு உயரமான பறவை நின்றன. கழுத்தும் காலும் நீளம், மூக்கு கீழே மடங்கியது போலிருந்தது. நான் பூநாரை என்று கத்தியே விட்டேன். ஆனால் ரோஸே இல்லை, அழுக்கு வெள்ளை. அப்பா பைனாகுலரில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "இது அது இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

---

பவளக்கால் | நவம்பர் 10, இரவு 10.30

அப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், அது அதுதான். இளம் பூநாரைகள் சாம்பலும் அழுக்கு வெள்ளையுமாகத்தான் இருக்கும், ரோஸ் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்த நிறமே தின்கிற தீனியிலிருந்து ஏறுவதுதான்.

நண்டு தின்றது கோட்டான். ஆந்தை இல்லை, பெயர்தான் அப்படி. பெரிய கோட்டானா, சின்னக் கோட்டானா என்பதுதான் கேள்வி. பெரியதற்குத் தலை ஒரே மாதிரி இருக்கும், மூக்கு தலையைப் போல மூன்று மடங்கு நீளம், பார்த்தாலே பாரமாக இருக்குமே என்று தோன்றும். சின்னதற்குத் தலையில் நீளவாக்கில் கறும்பட்டை, மூக்கும் அவ்வளவு நீளமில்லை. தலையைக் கவனித்தீர்களா?

---

ஆனையூர்க்காரன் | நவம்பர் 11, காலை 8.20

நான் எங்கே தலையைப் பார்த்தேன், நண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மகள் காரிலேயே நோட்டில் வரைந்திருக்கிறாள். தலையில் மூன்று கோடு போட்டிருக்கிறாள், பள்ளிக்கூடத்துச் சடை வகிடு மாதிரி நடுவில் ஒன்று வெள்ளையாக விட்டிருக்கிறாள். மூக்கு தலையைப் போல இரண்டு மடங்கு இருக்கும், ஸ்கேல் வைத்து அளந்தேன்.

---

பவளக்கால் | நவம்பர் 11, காலை 8.41

சின்னக் கோட்டான். சந்தேகமே இல்லை, நடு வகிடு அதற்குத்தான். ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) போடும்போது உங்கள் பெயரில் போடாதீர்கள், பாப்பா பெயரில் போடுங்கள்.

---

ஆனையூர்க்காரன் | நவம்பர் 12, இரவு 9.50

இளம் பூநாரை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சின்னப் பிள்ளைகளா, சரி" என்றார், ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டாராம். பொங்கல் கழித்து மறுபடி போவதாக முடிவாகிவிட்டது. அவர் ஒன்று கேட்கச் சொன்னார், காரில் உட்கார்ந்தால் உப்பளக் கரை மறைக்கிறதாம், உள்ளே தண்ணீர் சரியாகத் தெரியவில்லையாம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு இப்போதும் டவுன் பஸ் ஓடுகிறதா, முதல் பஸ்ஸில் போனால் தெரியுமா என்று கேட்கிறார்.

---

பவளக்கால் | நவம்பர் 12, இரவு 10.02

ஓடுகிறது. பஸ் உயரத்துக்கு நன்றாகவே தெரியும். நேரத்தை மட்டும் முந்தின நாள் வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது வலது பக்க ஜன்னல், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.